ஊதா மூடி

ஆகஸ்ட் 4, திங்கள்

மாலையில் அரியர் மாணவிகளுக்கு இதயப் பாடம். முதலாண்டில் உடற்கூறியலில் தோற்றுவிட்டு, இரண்டாம் ஆண்டில் வார்டு வேலைக்கும் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள். இவர்களுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்று முதல்வர் பியூலா மேடம் உத்தரவு போட்டிருக்கிறார். நர்சிங் கல்லூரியில் விலங்கியல் முனைவர் ஒருவனுக்குக் கிடைப்பது இதுதான்: வேறு யாரும் விரும்பாத நேரம், வேறு யாரும் விரும்பாத பிள்ளைகள். போன மாதம் என் மேஜையை மாடிப்படிக்குக் கீழே மாற்றினார்கள். எழும்போதெல்லாம் தலை இடிக்கிறது. எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை.

ஆட்டு இதயம் வாங்கிப் போயிருந்தேன். முழுசாக வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் கறிக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் ரத்தம் வடிய ஒரு கீறல் போட்டுத்தான் கொடுக்கிறார். ஒரு வால்வு போயிற்று. மிச்சத்தை வைத்துக் காட்டினேன். வலது அறையின் சுவர் மெல்லியது, பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இடது அறைக்குத் தடித்த சுவர், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ள வேண்டும். "இப்ப சொல்லுங்க, இதுல எது இடது?"

பேச்சித்தாய் என்ற பெண் இதயத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், எதிரே நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஒங்க இடதா, என் இடதா சார்?"

"ஆட்டோட இடதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டாள். இந்தப் பெண் இந்தத் தடவையும் தேற மாட்டாள். அதை அவளிடமே சொன்னேன்.

நாளை ரத்தம். பாடத்தின் கடைசியில் சோதனைக் குழாய்களைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. சிவப்பு மூடி எதற்கு, ஊதா மூடி எதற்கு என்று. அதை விட்டுவிடப் போகிறேன். மூடியின் நிறம் சொல்லிக்கொடுக்கவா நான் பிஎச்.டி. செய்தேன்? வார்டில் கற்றுக்கொள்ளட்டும்.

வெளியே வரும்போது எங்கள் கல்லூரி மருத்துவமனையின் அறுவை மருத்துவர் இன்பராஜ் காரிலிருந்து இறங்கினான். "என்னவே புரொபசர், சௌக்கியமா?" என்றான். கேட்காததுபோல் வந்துவிட்டேன். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. முதல் வருடம் இருவரும் ஒரே பெஞ்சு. செய்முறைத் தேர்வில் அவன் தவளையின் இதயத்தைக் கத்தரிக்கோலால் குத்திவிட்டு விழித்தான். என் தவளையைக் கொடுத்தேன். நான் இன்னொன்று வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன், நேரம் போதவில்லை. அடுத்த வருடம் அவனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எனக்கு அரை மதிப்பெண்ணில் போனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தவளைக்கு அவன் இன்றுவரை நன்றி சொன்னதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரத்தப் பாடம் எடுத்தேன். அரைப் பக்கத்தை விட்டேன். வீட்டில் மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மனைவி காந்திமதிக்குப் பித்தப்பையில் கல். ஸ்கேனில் தெளிவாகத் தெரிகிறது. சித்திரையிலிருந்தே வலி இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னாளாம், நான் "வாயு, வடையைக் குறை" என்றேனாம். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை.

திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"எதுக்கு? நம்ம இன்பராஜ் அண்ணன் இருக்காவல்லா? அவுகளே பண்ணட்டும்."

"ஊர்ல வேற டாக்டரே இல்லையா?"

"நீங்க சின்ன வயசுல சண்ட போட்டதுக்கு நான் வயித்தப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுல போகணுமா? நல்லா இருக்கே நியாயம்."

சண்டை ஒன்றும் போடவில்லை, பேசுவதில்லை, அவ்வளவுதான் என்றேன். அவள் எனக்கு நாலு நாளைக்குத் தோசை மாவு அரைக்க ஆரம்பித்தாள். வலியோடு கிரைண்டர் முன்னால் நிற்பவளைப் பார்த்துக்கொண்டு எப்படி விவாதிப்பது? நாளை சேர்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மோட்டாருக்கு ஆள் இன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன். காலை

எங்கள் கல்லூரி மருத்துவமனையிலேயே சேர்த்தாயிற்று. பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். முன்சோதனைக்கு ரத்தம் எடுக்க வந்தது யார் என்றால் பேச்சித்தாய்! ஊரில் இத்தனை பிள்ளைகள் படிக்க, என் மனைவியின் கைக்கு வந்தது ஆட்டின் இடது தெரியாத பெண்.

முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. "நரம்பு நழுவுது சார்" என்றாள். நரம்பில் ரத்தம் ஓடாது, அது சிரை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அப்போதும் சொன்னேன். இரண்டாவது குத்தில் கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்த இடம் கன்றிப்போயிற்று. காந்திமதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் இருந்த ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் விட்டாள், சிவப்பு மூடிக் குழாயில் அடிகூட நிறையவில்லை. மறுபடி ஊசியை எடுத்தாள்.

"இன்னொரு தடவ குத்துனா நேரா பிரின்சிபால்ட்டதான் போவேன்" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"இந்தாருங்க, அந்தப் புள்ளைய ஏன் வெரட்டுதிய? எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாள் காந்திமதி.

பேச்சித்தாய் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு குழாயிலும் போதுமான அளவு இருப்பதாக சிஸ்டரிடம் சொல்லிப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். நான்கூட அவசரப்பட்டுப் போதாது என்று நினைத்துவிட்டேன்போல. எப்படியானாலும், அதட்டினால்தான் இங்கே வேலை நடக்கிறது.

அன்றே. மாலை

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சாப்பிட்டுவிட்டு வார்டுக்குப் போனபோது கட்டிலைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. டியூட்டி டாக்டர், நேற்றுதான் படிப்பு முடித்தவர்போன்ற ஒரு பையன், என்னைத் தனியே கூப்பிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகம், ஒன்பதைத் தாண்டிவிட்டது என்றார். ஐந்துக்குள் இருக்க வேண்டியது. பரிசோதனைக்கூடத்தில் இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்தார்களாம், அதே அளவு. ஆபரேஷன் ரத்து. உடனே திருநெல்வேலிக்கு அனுப்பி டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று. அதற்குள் பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் போடப்போகிறார்கள்.

"இ.சி.ஜி. எப்படி இருக்கு?"

"நார்மலாத்தான் இருக்கு சார். ஆனா எப்ப வேணாலும் மாறலாம். ஹார்ட் நின்னுரும்."

அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எம்.ஃபில். ஆய்வில் நான் செய்ததே அதுதான். உப்புக் கரைசலில் தனியாகத் துடிக்கும் தவளை இதயம். அதில் பொட்டாசியத்தைச் சொட்டுவேன். துடிப்பு தளரும், தளரும், பிறகு விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். சுருங்கி நிற்காது. யாரோ கையை விரித்துவிட்டு மூடாமலே போனதுபோல் கிடக்கும். எத்தனை தவளைகள்! ஒன்றுக்கும் நான் வருந்தியதில்லை.

கட்டிலைப் பார்த்தேன். காந்திமதி என் வெள்ளைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பித்தான் இல்லாத சட்டையோடு நான் ஆபரேஷன் நாளில் நிற்கப்போகிறேன் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிகூடப் போடவில்லை. ஒரே தடவையில் நூல் போயிற்று.

நான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பொட்டாசியத்தைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது. நாலு வரி கீழே கால்சியம். இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கால்சியம் அவ்வளவு குறைந்தால் விரல்கள் மரத்து இழுத்துக்கொள்ளும். மணிக்கட்டு மடங்கிவிடும். ஊசியில் நூல் கோக்க முடியாது.

பொட்டாசியம் ஏறியிருக்கிறது, கால்சியம் காணாமல் போயிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊதா மூடிக் குழாயின் உள்ளே, ரத்தம் உறையாதிருக்க ஒரு பொட்டாசிய உப்பைத் தடவி வைத்திருப்பார்கள். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்தக் குழாயில் ரத்த அணுக்களை எண்ணலாம், பொட்டாசியத்தை அளக்கக் கூடாது. பாடத்தில் அரைப் பக்கம்.

பேச்சித்தாய் உள்ளறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கடுமையாகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், அதற்கு நேரமில்லை. அங்கே ஒரு ஸ்டூல் கிடந்தது, உட்கார்ந்தேன்.

"பேச்சித்தாய், செவப்பு மூடிக் குழாய்க்கு ரத்தம் பத்தல. எப்படிம்மா நெறஞ்சுது?"

"தெரியல சார்."

"ஊதா மூடியிலருந்து ஊத்துனியா?"

தண்ணீர்க் குழாயை மூட மறந்துபோய் நின்றாள். நானே எழுந்து மூடினேன்.

"நான் திட்ட வரல. அம்மாவுக்கு இன்சுலின் போடப்போறாங்க. உண்மையிலேயே பொட்டாசியம் சரியா இருந்தா, அந்த ஊசி அத ரொம்ப எறக்கிரும். அதுவும் இதயத்துக்கு ஆபத்து. நீ சொன்னாத்தான் நான் அங்க போயி நிறுத்த முடியும்."

"ஊத்துனேன் சார்" என்றாள். அப்புறம் அழுகையோடு எல்லாம் வந்தது. "மறுபடி குத்தக் கூடாதுன்னு சொல்லிட்டிய. அம்மாவுக்கு வேற கை வீங்கிப்போச்சு. ரெண்டும் அவுக ரத்தம்தானன்னு மூடியக் கழட்டி ஊத்திட்டேன். தப்புன்னு தெரியாது சார். சத்தியமா தெரியாது."

தெரியாதுதான். தெரிந்திருக்க வழியில்லை.

டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் பணிவாக, "நீங்க புரொபசர்தான் சார், ஆனா டாக்டர் இல்லல்லா. சீஃப் சொன்னா நிறுத்துறேன்" என்றார். சீஃப் இன்பராஜ் ஆபரேஷன் தியேட்டரில். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் முப்பது வருடம் கோபப்படலாம். இன்று நேரமில்லை. தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். செருப்போடு உள்ளே வராதீர்கள் என்று ஒரு சிஸ்டர் கத்தினார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது எனக்கு ஒரு பழைய சிக்கல். டாக்டர் என்று சொல்ல நாக்கு வராது. பெயர் சொல்லவும் பிடிக்காது. அதனால் இத்தனை வருடமாகக் கூப்பிடாமலே காலம் தள்ளிவிட்டேன்.

"இன்பா" என்றேன். "இன்பா, ஒரு நிமிஷம் வாடா."

கையுறையோடு வந்தான். ரிப்போர்ட்டை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். "கால்சியத்தப் பாரு."

பார்த்தான். முகக்கவசத்துக்கு மேலே புருவம் ஏறியது.

"இதத் தியேட்டருக்குள்ள போன்லதான் வாசிச்சாங்கவே. பொட்டாசியத்தக் கேட்டதும் நான் மத்ததக் கேக்கல. ஊதாக் குழாயா?"

"ஊதாக் குழாய்தான். ஊத்துன பிள்ளையே சொல்லிட்டா."

"இன்சுலின் போட்டாச்சா?"

"இல்ல."

வார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லும்படி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். இன்சுலின் வேண்டாம், மானிட்டரை மாட்டி வையுங்கள், புதிதாக ரத்தம் எடுத்து அவசரமாக அனுப்புங்கள். பிறகு என்னைப் பார்த்து, "போயி உக்காரும்வே. நீரு நிக்க நெலையப் பாத்தா ஒமக்குத்தான் மொதல்ல இ.சி.ஜி. எடுக்கணும்போல" என்றான்.

வார்டுக்கு வந்தால் சிஸ்டரே ஊசியோடு தயாராக இருந்தார். காந்திமதி கையை நீட்டவில்லை.

"காலையில வந்த புள்ளைய வரச் சொல்லுங்க."

"அவ வேண்டாம்மா, நான் எடுக்கேன்."

"அது அழுதுக்கிட்டு நிக்கி பாருங்க. இப்ப எடுக்காட்டா அப்புறம் எப்பவுமே ஊசியத் தொடாது. வாம்மா இங்க." என்னைப் பார்த்தாள். "நீங்க வெளிய போங்க."

"நான் எதுக்கு?"

"நீங்க நின்னா அதுக்குக் கை நடுங்குது."

போனேன். வராந்தாவில் தீயணைக்கும் வாளிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றில் மணலுக்குப் பதிலாக வாழைப்பழத் தோல். நிர்வாகம் இப்படித்தான் இருக்கிறது. அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்காதிருக்க அது உதவிற்று. ஜன்னல் வழியே மானிட்டர் தெரிந்தது. பச்சைக் கோடு, ஒரு சிறு மேடு, ஒரு கூர், ஒரு மேடு. ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் வரைகிற அதே கோடு. ஒவ்வொன்றும் வந்து சேரும்வரை அடுத்தது வரும் என்று நம்ப முடியவில்லை.

ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.

ரிப்போர்ட் வந்தபோது டியூட்டி டாக்டரே ஓடிவந்து காட்டினார். பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு. கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள்.

காந்திமதியிடம் சொன்னேன். "அதான் எனக்கு ஒண்ணும் இல்லன்னேன்லா" என்று சட்டையைக் கொடுத்தாள். பித்தான் உறுதியாக இருந்தது. மானிட்டரின் வயர்கள் மாட்டியிருக்கும்போதே தைத்து முடித்திருக்கிறாள்.

நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

காத்திருக்கும்போது பியூலா மேடம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நேற்று நடந்தது அவர் காதுக்குப் போய்விட்டது. "அந்தப் பிள்ளைய சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி நிர்வாகத்துல கேக்காங்க. நீங்க என்ன சார் சொல்லுதிய?"

நல்ல சந்தர்ப்பம். நர்சுகளுக்கு நர்சுகள் சொல்லிக்கொடுக்கும் லட்சணத்தைப் பற்றி நான் ஒரு பக்கம் பேசியிருக்கலாம். மாடிப்படியைப் பற்றியும்.

"ரிப்போர்ட் வந்ததும் அந்தப் பிள்ளையே என்கிட்ட வந்து சொல்லிட்டா மேடம்" என்றேன். "நான் கேக்கக்கூட இல்ல."

"அவளாவா?"

"அவளா."

மேடம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "தப்பு எல்லாரும் பண்ணுதோம் சார். மறைக்கவங்களத்தான் நாங்க விடுறதில்ல. தானா வந்து சொன்னவள நான் வெளிய போகச் சொல்ல மாட்டேன். ஒங்க பேரச் சொல்லியே நிர்வாகத்துக்குப் பதில் எழுதுதேன்" என்றார். பிறகு, போகும்போது, "ஆமா, ஒங்க மேஜைக்கு மேல படி இடிக்குதாமே? சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

எழுதிக் கொடுத்ததைச் சொல்லவில்லை. நடந்ததைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்காக நான் எதுவும் செய்யவில்லை. அவள் சஸ்பெண்ட் ஆனால் அரியர் வகுப்பில் ஒரு ஆள் குறையும், வருகைப் பதிவேட்டில் கேள்வி வரும்.

இன்பராஜ் தியேட்டரிலிருந்து வந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் வைத்தான். உள்ளே கற்கள், ஏலக்காய் அளவில்.

"வீட்டுக்கு வாரவுகளுக்குக் காட்டணும்னு தங்கச்சி கேட்டிருந்தா. வச்சுக்கிடும்."

"சரி."

"ஒம்ம தவளைக்கு இதோட சரியாப் போச்சுவே."

முப்பத்தைந்து வருடமாக அவனுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது! "ஒண்ணு நான் உசிரோட கொடுத்தேன், நீ கல்லாத் திருப்பித் தாரே" என்றேன். அவன் வராந்தா அதிரச் சிரித்தான். பக்கத்துக் கடையில் டீ நன்றாக இல்லை. குடித்தோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. மோட்டார்காரர் வந்தார். கற்களைப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேஜை ஜன்னல் பக்கம் மாறிவிட்டது. வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

அரியர் வகுப்பு. விட்டுப்போன அரைப் பக்கத்தை எடுத்தேன்.

பக்கத்துக் கறிக்கடையில் அப்போதுதான் அறுத்த ஆட்டின் ரத்தத்தை வாங்கி ஓடிவந்து, சிவப்பு மூடியில் கொஞ்சம், ஊதா மூடியில் கொஞ்சம் விட்டு மேஜையில் வைத்தேன். காத்திருக்கும் நேரத்தில் அந்தத் தவளைகளைப் பற்றிச் சொன்னேன். பேசி முடித்தபோது சிவப்பு மூடியில் ரத்தம் உறைந்து அல்வாபோல் நின்றது. ஊதா மூடியில் தண்ணீராக ஆடியது. பிள்ளைகள் மாறி மாறிச் சாய்த்துப் பார்த்தார்கள். படத்தில் இது புரியாது. போன வாரங்களில் நான் அதிகம் படத்தைத்தான் நம்பியிருந்தேன்.

ஊசி பழக வேண்டுமானால் யார் கையிலாவது பழக வேண்டும். ஒருவருக்கொருவர் கையை நீட்டப் பயந்தார்கள். வகுப்பு முடிய நேரமாகிறதே என்பதால் நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"யாரு வாரிய?"

பேச்சித்தாய் எழுந்து வந்தாள். என் கையில் பட்டையைக் கட்டினாள், விரலால் தடவித் தேடினாள். முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நரம்பு நழு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "சிரை நழுவுது சார்."

"நழுவத்தான் செய்யும். மறுபடி குத்து."

குத்தினாள். வந்தது. சிவப்பு மூடிக்கு முதலில், ஊதா மூடிக்குப் பிறகு. யாரும் நினைவூட்டாமலே, ஊதாவின் உப்பு சிவப்பில் படாத அந்த வரிசையில் விட்டாள். மூடியை அழுத்தி மூடிவிட்டு, ஊதாவை மட்டும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள். உப்பு கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. அதையும் நான் இன்றுதான் சொல்லியிருந்தேன்.

முழங்கை மடிப்பில் பெரிதாகக் கன்றிவிட்டது. நாளை முழுக்கைச் சட்டை போட வேண்டும். காந்திமதி பார்த்தால் கேட்பாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பார்த்துவிட்டாள். கேட்டாள். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், தையல் வலிக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று என்னையே திட்டுகிறாள்.